கழற்றுமுன் அளந்து பாருங்கள்

திருவண்ணாமலை மோட்டார்ப் பட்டறைகளில் தொழில் புரியும் நண்பர்களுக்கு,

செங்கம் சாலையிலும் வேலூர்ச் சாலையிலும் திண்டிவனம் சாலையிலும் தகரக் கொட்டகைகளின் கீழே, கிரீஸ் படிந்த கையோடு இரவென்றும் பகலென்றும் பாராமல் உழைக்கின்ற உங்களுக்கு நேரே எழுதவேண்டிய விஷயம் ஒன்று நெடுநாளாக என் மனத்தில் இருந்துவருகிறது. ஊரில் நாலு பேரிடம் உங்களைப் பற்றிக் குறை சொல்லித் தீர்த்துக்கொள்வதைவிட உங்களிடமே சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று தோன்றியதால் இந்த மடலை எழுதத் துணிந்தேன். சில வேளை ஸ்டார்ட் ஆகிச் சில வேளை ஆகாத வண்டி ஒன்று உங்கள் பட்டறை வாசலுக்கு வரும்போது, நீங்கள் அளந்து பார்ப்பதற்கு முன்பே கழற்றத் தொடங்கிவிடுகிறீர்கள் என்பதே என் குறை.

அறவே ஓடாத வண்டியைப் பற்றி உங்களுக்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை. குற்றம் கண்முன்னே நிற்கும்போது அதைப் பிடித்துவிடுகிற திறமை உங்களில் பெரும்பாலோருக்கு உண்டு என்பதை இந்த ஊரில் குடியிருக்கும் எவரும் அறிவர். சங்கடமெல்லாம், விடியற்காலையில் முதல் திருப்பிலேயே உறுமி எழுந்து, நடுப்பகலில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓர் ஓசையோடு மௌனமாகி, உங்களை அழைத்து வருவதற்குள் ஒன்றுமே நேராததுபோல் மறுபடியும் ஓடத் தொடங்கிவிடுகிற வண்டியால்தான். "செல்ஃப் எடுக்கல" என்று டிரைவர் சத்தியம் செய்கிறார். உங்கள் முன்னிலையிலோ செல்ஃப் எடுக்கிறது. அவர் சொல்லை நம்பவும் முடியாமல் தள்ளவும் முடியாமல், ஏதாவது செய்து அனுப்பவேண்டிய நிர்ப்பந்தத்தில், முதலில் பேட்டரியை மாற்றுகிறீர்கள். அது பலிக்காவிட்டால் செல்ஃப் மோட்டாரை இறக்குகிறீர்கள். அதுவும் பலிக்காவிட்டால் சாவி சுவிட்சின்மேல் பழி விழுகிறது. ஒவ்வொரு முறையும் வண்டி ஸ்டார்ட் ஆகத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் அதை எதுவுமே செய்யாமல் விட்டிருந்தாலும் அது ஸ்டார்ட் ஆகியிருக்கும் என்பதை நீங்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

என் தமக்கையாரும் அவர் கணவரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், ஒரு பழைய டீசல் வேனை வாங்கி, அதற்குள் படுக்க இரண்டு பலகையும், ஒரு காஸ் அடுப்பும், ஒரு சிறிய பிரிட்ஜும், தண்ணீர்த் தொட்டியும் அமைத்துக்கொண்டு, க்ஷேத்திரம் க்ஷேத்திரமாகப் போய்வருவதென்று தீர்மானித்தார்கள். கேரவன் என்ற பெயரில் சினிமாக்காரர்கள் வைத்துக்கொள்ளும் ஆடம்பரமெல்லாம் அதில் இல்லை; சமைக்கவும் படுக்கவும் இடமுள்ள வண்டி, அவ்வளவுதான். சித்ரா பௌர்ணமிக்கு அவர்கள் இங்கே வந்தபோது, சித்திரை வெயிலில் மலைப்பாறை முழுதும் அடுப்புக்கல்போல் காய்ந்து கிடந்த அந்த நடுப்பகலில், ஊருக்கு வெளியே வண்டிகளை நிறுத்தச் சொல்லியிருந்த மைதானத்தில் வேன் நின்றது. சிறிது இடம் மாற்றி நிறுத்தும்படி போலீஸ்காரர் சொன்னார். சாவியைத் திருப்பினால் எஞ்சின் அசையவில்லை. அன்றிரவு பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்து, வீங்கிய காலோடு அவர்கள் திரும்பி வந்தபோது அதே வண்டி ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. அப்பொழுது தொடங்கிய அலைச்சல் அடுத்த மழைக்காலம் வரையில் ஓயவில்லை. பட்டறைகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இந்த ஊரிலும் வழியிலுள்ள வேறு ஊர்களிலுமாகப் புதிய பேட்டரி ஒன்று, செல்ஃப் மோட்டாருக்குப் புதிய கார்பனும் சொலினாய்டும், ஒரு சாவி சுவிட்சு ஆகிய அத்தனையும் அந்த வேனுக்குள் போயின; பென்ஷன் பணம் கரைந்தது; குற்றம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த அலைச்சலில் எல்லோரையும் ஏமாற்றிய ஓர் அம்சத்தை நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வண்டி நின்றுபோனபோதெல்லாம் பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கேபிள் போட்டார்கள். சில முறை அதனால் ஸ்டார்ட் ஆயிற்று, சில முறை ஆகவில்லை. ஸ்டார்ட் ஆன முறைகளைப் பார்த்தவர்கள், 'வேறு பேட்டரியால் எடுக்கிறது. ஆகவே இந்த வண்டியின் பேட்டரி கெட்டது' என்று முடிவு கட்டினார்கள். கறுப்புக் கேபிளின் கவ்வியை எந்த இடத்தில் மாட்டினார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எஞ்சினின் இரும்பிலேயே மாட்டிய நாட்களில் வண்டி எடுத்தது. பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் மாட்டிய நாட்களில் எடுக்கவில்லை. இந்த ஒரு பேதத்திலேயே முழு விடையும் அடங்கியிருந்தது. மேலும் ஒரு தடயமும் உண்டு: செல்ஃப் எடுக்காமல் பலமுறை சாவியைத் திருப்பியபின், ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்ட கை சுட்டது. அதன் மேலுறை ஓரிடத்தில் இளகி வழிந்திருந்ததை ஒரு மேஸ்திரி பார்த்துவிட்டு, கேபிளை மாற்றிக் கொடுத்தார். அந்தக் கேபிள் ஏன் சுடவேண்டும் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும்.

கடைசியில் அந்தக் குற்றத்தைக் கண்டுபிடித்தவர் உங்களில் ஒருவர்தான் என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். வயதான ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். பட்டறை என்று சொல்வதற்கு ஒரு வேப்பமரமும் ஒரு மரப்பெட்டியுமே அவரிடம் இருந்தன. வண்டி அவரிடம் போனபோது வழக்கம்போல் ஒழுங்காக ஸ்டார்ட் ஆயிற்று. அவர் ஸ்பானரை எடுக்கவில்லை. "இப்ப நல்லா இருக்கு. மக்கர் பண்ணும்போதுதான் பார்க்கணும். ஒரு சுத்து ஓட்டிட்டு வாங்க" என்றார். ஓட்டிவிட்டு வந்து, சூடான எஞ்சினை நிறுத்தி, நிழலில் காத்திருந்து, மறுபடியும் திருப்பினார்கள், 'டக்' என்றது. சாவியை எடுக்காதீர்கள், வண்டியை ஆட்டாதீர்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகடிவ் கம்பத்திலும், மறு முனையை எஞ்சின் இரும்பில் பெயிண்ட் இல்லாத ஓரிடத்திலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மீண்டும் திருப்பச் சொன்னார். ஒன்றோடொன்று இணைந்திருப்பதாகச் சொல்லப்படுகிற இரண்டு இடங்களுக்கு நடுவே அந்தச் சிறு கண்ணாடிக்குள் 3 வோல்ட் தெரிந்தது. வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கிற செம்புப் பின்னல் பட்டையை, நாம் எர்த்துப் பட்டை என்கிறோமே, அதைக் கழற்றினார். வேனை வீடாக மாற்றியவர்கள் அடிப்பாகம் முழுவதற்கும் கறுப்புப் பெயிண்ட் அடித்து, அந்தப் பெயிண்டின்மேலேயே பட்டையை வைத்து போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். பட்டையின் காதுக்கு அடியில் இரும்பு பளபளவென்று இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு வட்டமும், அதன் ஓரத்தில் துருவும், ஒரே ஒரு மூலையில் பொறி பறந்து கருகிய புள்ளியும் இருந்தன. உப்புத்தாளால் இரண்டு பக்கத்தையும் தேய்த்து, பல் வைத்த வாஷரைப் போட்டு முடுக்கி, மேலே சிறிது கிரீஸைத் தடவினார். அதே மீட்டர் அதே இடத்தில் 0.1 வோல்ட் காட்டியது. அதன்பின் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நின்றதில்லை.

எர்த்துப் பட்டையை உங்களில் யாரும் பார்ப்பதே இல்லை என்று நான் சொல்லவில்லை, பார்த்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தார்கள், பல்பு பிரகாசமாக எரிந்தது, 'எர்த்து நல்லாத்தான் இருக்கு' என்று நகர்ந்துவிட்டார்கள். பல்பு ஏன் அவர்களை ஏமாற்றியது என்பதை விளக்கவேண்டும். 5 வாட் பல்பு ஒன்று அரை ஆம்பியருக்கும் குறைவான கரண்டையே கேட்கிறது. ஒரு டீசல் வேனின் செல்ஃப் மோட்டாரோ 200 ஆம்பியருக்கும் மேலே கேட்கிறது. 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் கைச்சுழற்றிக்குப் பதிலாக மின்சார மோட்டாரை வைத்தபோது அவர் கண்ட யுக்தியே, அந்த மோட்டார் சில விநாடிகள் மட்டுமே உழைப்பதால் அளவுக்கு மிஞ்சிய கரண்டை அதில் செலுத்தலாம் என்பதுதான். ஓம் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் 1827இல் வெளியிட்ட விதியின்படி, கரண்டையும் தடையையும் பெருக்கினால் வருவதே வழியில் விழுங்கப்படுகிற வோல்ட். ஒரு மூட்டில் 0.015 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வழியாக 200 ஆம்பியர் போனால் 3 வோல்ட் அங்கேயே செத்துவிடும். பல்பின் கரண்டு போனால் ஆயிரத்தில் சில பங்கு வோல்ட் மட்டுமே குறையும். சாதாரண மீட்டரின் ஓம் அளவிலும் 'பீப்' ஒலியிலும்கூட இந்தத் தடை அகப்படாது. ஆகவே மூட்டு நன்றாக இருக்கிறதா என்பதை, செல்ஃப் சுழல முயல்கிற அந்தக் கணத்தில், அந்தப் பெருங்கரண்டு பாயும்போதுதான் கேட்டறிய முடியும். எர்த்துப் பட்டையில் வழியில்லாத கரண்டு வேறு வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிளின் மெல்லிய கம்பி வழியே பேட்டரிக்குத் திரும்பியதனால்தான் அந்தக் கேபிள் சுட்டது. ஓடிவந்த அதிர்ச்சியில் போல்ட் சிறிது அசைந்தால் குற்றம் தோன்றும். இரவு முழுதும் ஆறி இரும்பு சுருங்கினால் அந்தக் கருகிய மூலை மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். இதில் மாயமோ, வண்டியின் ராசியோ ஒன்றும் இல்லை.

நம் முன்னோர்கள் தர்க்க சாஸ்திரத்தில் அனுமானத்துக்குச் சொல்லிய உதாரணமே ஒரு மலைதான்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு என்பது. கார்த்திகை தீபத்தன்று இந்த ஊரில் நிற்கிறவனுக்கு அந்த உதாரணத்தை விளக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த அனுமானம் செல்லுபடியாவதற்கு அவர்கள் வைத்த நிபந்தனை கடுமையானது. நெருப்பில்லாத இடத்தில் புகை ஒருபொழுதும் இருக்கக்கூடாது. 'டக்' என்ற ஓசைக்கு அந்த யோக்கியதை இல்லை. பேட்டரி இறங்கியிருந்தாலும் 'டக்' என்னும். சொலினாய்டுக்குள் இருக்கும் செம்புத்தட்டு தேய்ந்து கருகியிருந்தாலும் 'டக்' என்னும். கார்பன் தேய்ந்திருந்தாலும், பாஸிடிவ் கேபிளின் முனை பச்சை பூத்திருந்தாலும், எர்த்து விட்டிருந்தாலும் அதே 'டக்'தான். ஓர் அடையாளத்துக்கு ஐந்து காரணங்கள் இருக்கும்போது அவற்றில் ஒன்றை ஊகித்துப் பணம் வாங்குவது அனுமானமும் ஆகாது, பிரத்தியட்சமும் ஆகாது. மீட்டர் உங்களுக்குப் பிரத்தியட்சத்தைக் கொடுக்கிறது. அதை ஏன் பெட்டியின் அடியில் போட்டுவைக்கிறீர்கள்?

எல்லா வண்டியிலும் எர்த்துப் பட்டையே குற்றவாளி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தால் பேட்டரி இருந்த இடத்தில் பட்டையை வைத்து மறுபடியும் ஊகம் செய்ததாகவே முடியும். வேறு காரணத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1960களிலும் 70களிலும் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே தரைமார்க்கமாக இந்தியாவுக்கு வந்த இளைஞர்களில் பலர் போக்ஸ்வேகன் வேன்களையே வீடாக்கி ஓட்டிவந்தார்கள். அந்த வண்டியில் எஞ்சின் பின்னால் இருக்கிறது, சாவி முன்னால் இருக்கிறது. சொலினாய்டுக்குப் போகவேண்டிய மெல்லிய கம்பி வண்டியின் முழு நீளத்தையும் போய்த் திரும்பவேண்டும். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 0.4 பங்கு ஏறுகிறது. எஞ்சின் சூட்டில் வெந்த சொலினாய்டின் சுருளும், பழைய சாவி சுவிட்சும், அந்த நீண்ட கம்பியும் சேர்ந்து வோல்ட்டை விழுங்கிவிட, வெயிலில் நின்ற வண்டி 'டக்' என்றுகூடச் சொல்லாது. அதற்குப் பரிகாரம் செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு ரிலே வைப்பதே, மோட்டாரை மாற்றுவதல்ல. வீடாக மாற்றிய வண்டிகளில் இரண்டு பேட்டரி இருக்கும். இரண்டையும் பிரிக்கிற ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால் இரவெல்லாம் பிரிட்ஜ் ஓடி ஸ்டார்ட்டிங் பேட்டரியையும் உறிஞ்சிவிடும். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பிடிக்காவிட்டால் அது முற்றிலும் வேறு விவகாரம். டீசல் பைப்பில் ஏர் எடுக்கிறதா, ஸ்டாப் சொலினாய்டுக்குக் கரண்டு வருகிறதா, புதிய வண்டியானால் கிராங்க் சென்சார் சூட்டில் செத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும். சுழலவில்லையா, சுழன்றும் பிடிக்கவில்லையா என்ற முதல் கேள்வியையே டிரைவரிடம் கேட்காமல் வேலையைத் தொடங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் தரப்பு நியாயத்தையும் நான் அறியாதவனல்லன். பௌர்ணமி இரவில் ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் வந்த வேன்கள் வரிசையாக நிற்கின்றன. "நாங்க சுத்திட்டு வர்றதுக்குள்ள ரெடி பண்ணி வையுங்க" என்று சொல்லிவிட்டு யாத்திரிகர்கள் நடையைக் கட்டுகிறார்கள். மக்கர் பண்ணுகிறவரையில் காத்திருக்க உங்களுக்கு ஏது அவகாசம்? அதைவிடப் பெரிய சங்கடம் கூலி விஷயத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் அளந்து பார்த்து ஒரு போல்ட்டைத் தேய்த்து முடுக்கிக் கொடுத்தால், "ஒரு போல்ட் முடுக்கினதுக்கா இவ்வளவு?" என்று கேட்கிற வண்டிக்காரர், எட்டாயிரம் ரூபாய் பேட்டரியை மாற்றிக் கொடுத்தால் வாய்திறவாமல் பணம் எண்ணித் தருகிறார். சாமானுக்கு விலை கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்கமாட்டோம் என்பது எங்கள் தரப்பின் அநீதி. நாங்கள்தான் உங்களை ஊகத்துக்குப் பழக்கினோம் என்றாலும் பொய்யாகாது. இந்த அநீதி தீராமல் உங்களை மட்டும் திருந்தச் சொல்வதில் அர்த்தமில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

படிப்பில்லாதவர்கள் நாங்கள், மீட்டரும் கணக்கும் கம்பெனி சர்வீஸ்காரர்களுக்கே என்று உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது எனக்கு வருத்தத்தைத் தருகிறது. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கிய ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். எதையும் பிரித்து, ஆராய்ந்து, காரணம் கண்டு தெளிகிற பழக்கத்தினாலேயே நாடறிந்த மேதையாக அவர் விளங்கினார். நான் மேலே சொன்ன பெருக்கல் ஐந்தாம் வகுப்புக் கணக்கு. உங்கள் பட்டறையில் டீ வாங்கவும் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கவும் மட்டும் வைத்திருக்கிற தம்பிக்கு ஒரு மத்தியானத்தில் இதைச் சொல்லித் தந்துவிடலாம். அவன் ஆயுசு முழுவதற்கும் அது சோறு போடும்.

ஆகவே என் வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறேன். வருகிற கார்த்திகை தீபத்துக்கு முன்பாக, நீங்கள் எல்லோரும் ஒருமுறை கூடி, ஸ்டார்ட்டிங் கோளாறைச் சோதிப்பதற்கென்று ஒரு கூலியை நிர்ணயம் செய்யுங்கள். எந்தச் சாமானும் மாற்றாவிட்டாலும் அந்தக் கூலி உண்டு என்று பட்டறை வாசலில், தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் எழுதி வையுங்கள். அந்தக் கூலிக்கு ஈடாக, எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஒரு துண்டுச் சீட்டில் சில அளவுகளை எழுதி வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். வண்டி ஓய்ந்திருக்கும்போது பேட்டரியில் எவ்வளவு என்று எழுதுங்கள். நிறைந்த பேட்டரியானால் 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கும். செல்ஃப் சுழலும்போது எவ்வளவு என்று எழுதுங்கள், 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம், 11க்கு அருகே நின்றுகொண்டு மோட்டார் சுழலவில்லையானால் பேட்டரியைத் தொடவே வேண்டாம். அதே கணத்தில் பேட்டரியின் பாஸிடிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே எவ்வளவு, நெகடிவ் கம்பத்துக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே எவ்வளவு என்று எழுதுங்கள். முன்னது அரை வோல்ட்டையும் பின்னது 0.2 வோல்ட்டையும் வெகுவாகத் தாண்டினால் குற்றம் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் எவ்வளவு ஏறுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், 13.8க்கும் 14.4க்கும் இடையே இருந்தால் சார்ஜ் சரி. உங்கள் முன் வண்டி மக்கர் பண்ணாவிட்டால், 'இப்போது குற்றம் தெரியவில்லை' என்றே எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதுவதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. அந்தச் சீட்டு அடுத்த ஊர்ப் பட்டறைக்குப் போகும். அங்கே உங்களைப்போன்ற இன்னொருவர் நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார், மறுபடியும் பேட்டரியிலிருந்து அல்ல. மாற்றித்தான் ஆகவேண்டும் என்று அளவு சொன்னால் மாற்றுங்கள். மாற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

வண்டிக்காரர்களாகிய எங்கள் பங்கை நிறைவேற்ற நானும் முன்வருகிறேன். அந்தச் சோதனைக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுப்போம் என்று, வேன் வைத்திருக்கிற என் பந்துக்களிடமும் நண்பர்களிடமும் டிரைவர்களிடமும் பேசிக் கையெழுத்து வாங்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறேன். சீட்டு அச்சடிக்கும் செலவும் முதல் வருஷத்துக்கு என்னுடையதாக இருக்கட்டும். நீங்கள் கூடுகிற நாளையும் இடத்தையும் மட்டும் தெரிவியுங்கள். வேப்பமரத்தடிப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு, அவருடைய மீட்டரோடு நான் வந்து சேருகிறேன்.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்,
திருவண்ணாமலை.